மாரிக் கூதலில் மாடு நடுங்கினால், படுத்தால், எழும்பாவிட்டால்

2022ஆம் ஆண்டு மார்கழியில் மண்டூஸ் சூறாவளி வங்காள விரிகுடாவில் எங்களுக்குத் தொலைவாகவே சென்று, 9ஆம் திகதி இரவு மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்தது. மட்டக்களப்பில் கூரைகள் பறக்கவில்லை, தென்னைகள் முறியவில்லை. ஆனால் அந்த நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் ஆடுகளும் கூட்டங்கூட்டமாக இறந்தன. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருந்த எங்கள் பட்டியில் சில நாட்களுக்குள் ஒன்பது உருப்படிகள் போயின. என்ன நோய், யார் நஞ்சு வைத்தார்கள் என்றெல்லாம் பேச்சு எழுந்தது. எங்கள் பட்டியில் நோயும் இல்லை, நஞ்சும் இல்லை. அன்று எங்களுக்குத் தெரியாமற்போனவற்றையும், அதன்பின் கால்நடை வைத்தியர்களிடமும் மூத்த பட்டிக்காரரிடமும் கேட்டு, அடுத்தடுத்த மாரிகளில் செய்து பார்த்து அறிந்தவற்றையும், எந்த அறிகுறிக்கு என்ன செய்வது என்ற ஒழுங்கில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விடயத்தை விளங்கிக்கொண்டால் மற்றவை இலகுவாகும். கனடாவில் உறைபனியில் மாடு நின்று பிழைக்கிறது, எங்கள் மாடு பனியே இல்லாத ஊரில் எப்படிக் குளிரில் சாகும் என்று பலர் கேட்கிறார்கள். அங்குள்ள மாட்டுக்கு அடர்ந்த மாரி மயிரும் தோலின்கீழ் தடித்த கொழுப்பும் உண்டு, மயிர் உலர்ந்திருக்கும்வரை அதற்கிடையில் சிறைப்பட்ட காற்று போர்வையாக நிற்கும். அந்த மாடே தோல்வரை நனைந்துவிட்டால், ஏறத்தாழ 15 பாகை செல்சியசிலேயே தன் உடற்சூட்டைக் காக்கக் கூடுதல் தீனியை எரிக்கத் தொடங்குகிறது. எங்கள் நாட்டு மாடோ வெயிலுக்கென்று அமைந்தது. அதன் மயிர் குட்டை, தோல் மெல்லியது. மார்கழி, தை இரவுகளில்கூட வழமையாக 22, 23 பாகைக்கு அருகிலேயே பழகிய உடம்பு அது. அதன்மேல் இரவு பகலாகத் தூறலும், அந்த ஈரத்தை ஓயாமல் உலர்த்தி உடற்சூட்டை உறிஞ்சும் வாடைக்காற்றும், வெறும் வயிறும் ஒன்றாக வந்தால், வெப்பமானி காட்டும் எண்ணைப் பார்த்து ஆறுதல் அடைய முடியாது.

வெறும் வயிறு என்பதை அழுத்திச் சொல்கிறேன். மாட்டின் பெருவயிற்றில் புல்லும் வைக்கோலும் நொதிக்கும்போது வெளிப்படும் சூடுதான் அதன் உள்ளடுப்பு. பெரும்போக வெள்ளாமை வயல்களில் நிற்கும் மாதங்களில் மாடுகளைக் காட்டோர மேய்ச்சல் தரைகளுக்குக் கொண்டுசெல்கிறோம், அங்கே பள்ளங்கள் வெள்ளத்தில் மூழ்க, மாடு மேட்டுத்திட்டியில் ஏறி இரண்டு மூன்று நாள் ஒன்றும் தின்னாமல் நிற்கிறது. அடுப்பு அணைந்த வீட்டில் கூரையும் ஒழுகினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அதன் நிலை.

முதுகை வளைத்து, மயிர் சிலிர்த்து, நடுங்கிக்கொண்டு நிற்கிறது

இது நல்ல கட்டம். நடுக்கம் என்பது தசையை அசைத்துச் சூடு உண்டாக்கும் முயற்சி, அதற்கு இன்னும் பலம் இருக்கிறது என்று பொருள். இந்த நேரத்தில் மருந்து தேடி ஓடுவதைவிட, காற்றுப்படாத இடத்துக்கு மாட்டை நகர்த்துவதே முதல் வேலை. கூரை உள்ள ஆனால் நாற்புறமும் திறந்த கொட்டில் ஒன்றும், கூரை இல்லாத ஆனால் வடகிழக்குப் பக்கம் அடைத்த மறைப்பு ஒன்றும் இருந்தால், காற்று பலமாக வீசும் இரவில் நான் இரண்டாவதையே தெரிவுசெய்வேன்.

அடுத்தது வைக்கோல். காய்ந்த வைக்கோல் சத்தில் குறைந்ததுதான், ஆனாலும் நார் மிகுந்த தீனி நொதிக்கும்போது சூடு கூடுதலாக வரும் என்பதால் இந்த இரவுக்கு அதுவே ஏற்றது. இரக்கப்பட்டு அரிசியையோ, நெல்லையோ, சோற்றையோ வாளி நிறைய வைப்பவர்கள் உண்டு. பழக்கமில்லாத வயிற்றுக்குள் மாப்பொருள் திடீரென்று நிறைந்தால் பெருவயிறு புளித்து, குளிரில் பிழைத்த மாடு அடுத்த நாள் அதனாலேயே விழும். தவிடு கொடுப்பதானால் இரண்டு கை அள்ளி வைக்கோலோடு பிசைந்து கொடுங்கள், அதற்குமேல் வேண்டாம்.

மயிரைச் சாக்கால் எதிர்மயிராகத் தேய்த்து உலர்த்துவது உதவும். உலர்த்தாமல் ஈர மயிரின்மேல் படங்கை (தார்ப்பாயை) போர்த்திக் கட்டினால் உள்ளே நீர் வியர்த்து நிற்கும். தேய்த்து முடித்தபின் உள்ளே காய்ந்த சாக்கு, வெளியே படங்கு என்ற ஒழுங்கில் போர்த்துங்கள்.

நடுக்கம் நின்றுவிட்டது, ஆனால் மாடு தேறவில்லை

என் அனுபவத்தில் மிகுந்த இழப்பைத் தந்த தவறு இங்கேதான் நடந்தது. அந்த முதல் இரவில் ஒரு மணியளவில் நானும் மாமாவும் ரோச் அடித்துப் பார்த்தபோது, நடுங்கிக்கொண்டிருந்த இளம் நாம்பன் ஒன்று அசையாமல், தலையைத் தாழ்த்தி, கண்ணைப் பாதி மூடி நின்றது. தேறிவிட்டது என்று நினைத்து எங்கள் காவல் குடிசையான வாடிக்குள் போய்விட்டோம். விடியும்போது அது நின்ற இடத்திலேயே மடிந்து கிடந்தது. நடுங்குவதற்கான எரிபொருள் தீர்ந்துபோன மாடும் அமைதியாகத்தான் நிற்கும்.

இரண்டையும் பிரித்தறிய மூன்று சோதனைகள் உண்டு. காதைத் தொட்டுப் பார்ப்பது போதாது, ஏனெனில் குளிரில் நலமான மாட்டின் காதும் குளிரும். விரலை வாயின் ஓரத்தால் விட்டு நாக்கின் பக்கத்தைத் தொடுங்கள்: வாயின் உட்புறமே குளிர்ந்திருந்தால் உள்ளுடம்பு குளிரத் தொடங்கிவிட்டது. முரசை, அதாவது பல்லீறை, பாருங்கள்: வெளிறியோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் நிலைமை மோசம். மூன்றாவது வெப்பமானி. மருந்துக்கடையில் மனிதருக்கு விற்கும் இலத்திரனியல் வெப்பமானியே போதும். அதன் பின்முனையில் ஒரு நூலைக் கட்டி, முனையில் எண்ணெய் பூசி, மலவாயிலில் விட்டு, சாணத்துக்குள் குத்தாமல் ஒரு பக்கமாகச் சாய்த்து உட்சுவரில் படும்படி பிடியுங்கள். வளர்ந்த மாட்டுக்கு 38 முதல் 39.3 பாகைவரை இயல்பு. 37 பாகைக்குக் கீழே இறங்கினால் அந்த மாட்டை விட்டு அகலக்கூடாது. பெரும்பாலான காய்ச்சல் வெப்பமானிகள் 32 பாகைக்குக் கீழே எண்ணைக் காட்டாமல் ‘லோ’ என்று மட்டும் காட்டும். அதைக் கருவி பழுது என்று எறிந்துவிடாதீர்கள்.

இந்தக் கட்டத்தில் உலர்த்துதல், காற்றை மறித்தல் ஆகியவற்றோடு வெளியிலிருந்து சூடும் கொடுக்க வேண்டும். இளஞ்சூட்டு நீர் நிரப்பிய போத்தல்களைச் சாக்கில் சுற்றி முன்னங்கால்களுக்குப் பின்னே நெஞ்சோரமும் தொடையிடுக்கிலும் வையுங்கள். கொதிநீர்ப் போத்தலை வெறுமனே வைத்தால் உணர்விழந்த தோல் வெந்துபோகும். தானாகக் குடிக்கும் மாட்டுக்கு இளஞ்சூட்டு நீர் வையுங்கள். தானாகக் குடிக்காத மாட்டுக்கு மூங்கில் குழாயாலோ போத்தலாலோ எதையும் ஊற்றாதீர்கள். விழுங்கும் பலமற்ற மாட்டின் தொண்டையில் ஊற்றியது நுரையீரலுக்குப் போகும். நல்லெண்ணெயும் மிளகும் இஞ்சியும் காய்ச்சிய மருந்தை அன்போடு ஊற்றி, அதனாலேயே மாட்டை மூச்சுத்திணறச் செய்ததை நான் கண்டிருக்கிறேன்.

படுத்துவிட்டது, எழும்பவில்லை

படுத்த மாட்டைக் கண்டதும் நான்கு பேர் சேர்ந்து வாலைப் பிடித்துத் தூக்கி நிறுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். குளிர்ந்த மாட்டில் இது பயன்படாது: வால் எலும்பு விலகுவதும், நிறுத்திய மாடு மறுபடி சரிந்து இடுப்பை முறித்துக்கொள்வதுமே மிஞ்சும். உடம்பு சூடேறி, இரண்டு பிடி வைக்கோலாவது தின்றபின்புதான் நிறுத்துவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எப்படிப் படுத்திருக்கிறது என்பதே முதலில் கவனிக்க வேண்டியது. பக்கவாட்டில் கால்களை நீட்டி, கழுத்தைத் தரையில் போட்டுக் கிடந்தால், வயிற்றில் உண்டாகும் வாயு ஏப்பமாக வெளியேற முடியாமல் வயிறு உப்பும். மேலே வரும் இரை மூச்சுக்குழலுக்குள் இறங்கும். எனவே குளிருக்கு மருந்து செய்வதற்கு முன்பே, கால்களை உடம்போடு மடித்து, நெஞ்செலும்பின்மேல் நிமிர்த்தி உட்காரவைத்து, மணல் நிரப்பிய உரப்பைகளையோ வைக்கோல் மூட்டைகளையோ இரண்டு பக்கமும் அண்டை கொடுங்கள். தலை சரிந்தால் அதற்கும் ஒரு மூட்டை வையுங்கள்.

சேற்றில் கிடந்தால் இடம் மாற்றியே ஆக வேண்டும். கழுத்துக் கயிற்றில் இழுக்காமல், படங்கை உடம்பின்கீழே செருகி, மாட்டை அதன்மேல் புரட்டி, படங்கோடு சேர்த்து இழுங்கள். போய்ச் சேரும் இடத்தில் ஒரு முழங்கை ஆழத்துக்கு மணலோ, உமியோ, வைக்கோலோ பரப்பியிருக்க வேண்டும். அடியிலுள்ள ஈரநிலம் மேலே வீசும் காற்றைவிட அமைதியாகச் சூட்டை இழுத்துவிடும்.

மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைப்பது சலிப்பான வேலைதான், ஆனால் மாடு எழும்புமா இல்லையா என்பது பெரும்பாலும் இதில்தான் தங்கியிருக்கிறது. 200, 250 கிலோ உடம்பு ஒரே தொடையின்மேல் மணிக்கணக்காக அமுக்கும்போது அந்தக் காலின் தசையும் நரம்பும் நசிந்துபோகின்றன. குளிரிலிருந்து தப்பிய மாடு அந்த நசிவினால் எழும்ப முடியாமல் கிடக்கும். இரவில் முறை வைத்து ஆள் விழித்திருங்கள், கையில் மணிக்கூடு இருக்கட்டும்.

வைத்தியரை அழைக்கும்போது எத்தனை மணிக்குப் படுத்தது, வெப்பமானி என்ன காட்டியது, கடைசியாக எப்போது தின்றது, கன்று ஈன்று எத்தனை நாள், சினையானால் எத்தனை மாதம் என்ற ஐந்தையும் சொல்லுங்கள். வெள்ளத்தில் பாதை மூடியிருந்தால் அவரால் வர முடியாமற்போகலாம், அப்போது தொலைபேசியிலாவது சரியான ஆலோசனை கிடைக்க இந்த விபரம் தேவை.

கன்று வாய் குளிர்ந்து கிடக்கிறது

மாரியில் ஈன்ற கன்று ஈரத்தோடே பிறக்கிறது, தாய் நக்கி உலர்த்துவதற்குள் மழை மறுபடியும் நனைத்துவிடுகிறது. விரலை அதன் வாயில் வையுங்கள். சூடான வாயும் சப்பும் நாக்கும் இருந்தால் உலர்த்தி, தாயின் முலைக்காம்பில் கொண்டுபோய் வைத்தாலே போதும். வாய் குளிர்ந்து, சப்பாமல் கிடந்தால் பாலை ஊற்றவே கூடாது. முதலில் சூடு, பிறகுதான் பால்.

பெரிய பிளாஸ்ரிக் தொட்டியில், முழங்கையை விட்டால் இதமாகத் தெரியும் அளவுக்கு, அதாவது 38 முதல் 40 பாகைவரையான நீர் நிரப்பி, தலையை வெளியே பிடித்தபடி கன்றை அமிழ்த்தி வையுங்கள். நீர் ஆறும்போது சிறிது சிறிதாகச் சுடுநீர் சேர்க்க வேண்டும். இருபது முப்பது நிமிடத்தில் கன்று தலையை உதறும், உங்கள் விரலைச் சப்பப் பார்க்கும். அந்தச் சப்பலுக்காகக் காத்திருந்த ஓர் இரவை நான் மறக்கவில்லை: விரலில் முதலில் பட்டது நாக்கின் சொரசொரப்பு, அதன்பிறகு மெல்லிய இழுப்பு. வெளியே எடுத்ததும் முழுமையாக உலர்த்தாவிட்டால் செய்த வேலை அத்தனையும் வீண். காது மடலுக்குள்ளும் கவட்டுக்குள்ளும் ஈரம் நிற்கக்கூடாது.

இனிக் கடும்புப்பால், அதாவது ஈன்றதும் சுரக்கும் சீம்பால். முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள் கொடுப்பது மிகச் சிறந்தது. நோயைத் தடுக்கும் பொருட்களைக் குடலால் உறிஞ்சும் ஆற்றல் மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் ஏறத்தாழ அடைபட்டுவிடும். உடல் நிறையில் பத்தில் ஒரு பங்கு என்பது கணக்கு: 20 கிலோ எடையுள்ள நாட்டுக் கன்றுக்கு முதல் நாளில் 2 லீற்றர், இரண்டு மூன்று தடவையாக. கன்று ஈன்ற வீட்டில் கடும்பைக் காய்ச்சி அயலவருக்குப் பகிர்வது நல்ல வழக்கம், ஆனால் மாரியில் கன்று குடித்து மிஞ்சியதையே காய்ச்சுங்கள்.

கூதல்போலத் தெரிகிறது, ஆனால் வேறு காரணம்

வெப்பமானி 40 பாகைக்குமேல் காட்டி, தொண்டையும் தாடைக்கீழும் வீங்கி, மூச்சு இரைந்தால் அது தொண்டை அடைப்பான். எருமையில் இன்னும் கடுமை, ஒரே நாளில் கொல்லும். உடனே வைத்தியரை அழைத்து, மற்ற மாடுகளைப் பிரித்து வையுங்கள். கன்று ஈன்று இரண்டு மூன்று நாளுக்குள், நன்றாகப் பால் கறக்கும் ஜேர்சி, பிரீசியன் கலப்பு மாடு குளிர்ந்த காதோடு கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்தால் கல்சியம் குறைந்த பால்காய்ச்சலாக இருக்கலாம். வைத்தியர் நாளத்தில் மெதுவாக ஏற்றும் கல்சியத்தால் அது பெரும்பாலும் எழும்பிவிடும், குளிருக்கென்று போர்த்திக் காத்திருந்தால் இறந்துவிடும். சிறுநீர் கோப்பி நிறமானால் உண்ணிக் காய்ச்சலையோ எலிக்காய்ச்சலையோ நினையுங்கள். வாயில் நுரையும் குளம்பிடுக்கில் புண்ணும் இருந்தால் அது கால்-வாய் நோய் என்னும் கோமாரி.

பட்டியில் நிற்கும் ஆள் நடுங்குகிறார்

மாட்டைக் காக்கப் போனவரும் அதே ஈரத்தில், அதே காற்றில், பெரும்பாலும் அதே வெறும் வயிற்றோடுதான் நிற்கிறார். பேச்சுக் குழறுதல், கயிற்றில் முடிச்சுப் போடக் கை வராமை, காரணமில்லாத பிடிவாதம் ஆகியவை உடற்சூடு 35 பாகைக்குக் கீழே இறங்குவதன் அடையாளங்கள். ஈர உடுப்பை முழுவதும் கழற்றி, உலர்ந்த சாரத்தாலும் போர்வையாலும் சுற்றி, விழுங்கக்கூடியவரானால் சீனி கூடிய தேநீர் கொடுங்கள். சாராயம் கூதலைப் போக்கும் என்ற நம்பிக்கை உயிருக்கு ஆபத்தானது. அது தோலின் நாளங்களை விரித்து, உள்ளே மிஞ்சியிருக்கும் சூட்டை வெளியே விடுகிறது, சுகமாக இருப்பதுபோலத் தோன்றுவது அதனால்தான். நினைவு மங்கினால் 1990 என்ற அவசர நோயாளர் வண்டி இலக்கத்துக்கு அழையுங்கள்.

படங்கால் இறுக மூடிய வாடிக்குள் கரியடுப்பை எரியவிட்டுத் தூங்காதீர்கள். அந்தப் புகையில் மணமில்லாத நச்சுவாயு உண்டு. வெள்ளத்தில் நின்றவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைத்தசை நோவும் வந்தால், எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் முன்கூட்டியே தரும் டொக்சிசைக்கிளின் வில்லைகளை வயற்காரர் மட்டுமல்ல, பட்டிக்காரரும் கேட்டு வாங்க வேண்டும்.

மழை விட்டு வெயில் வந்தபின் இறக்கிறது

எங்கள் ஒன்பதில் இரண்டு இப்படிப் போயின. நாட்கணக்காகப் பட்டினி கிடந்த மாடு வெயில் கண்டதும் ஈரப்புல்லில் பாய்ந்து தின்று வயிறு உப்புவது ஒரு காரணம். அவிழ்த்துவிடுமுன் வைக்கோல் போட்டு அரைவயிறு நிரப்பிவிடுங்கள். மூக்குச்சளியும் வேகமான மூச்சும் காய்ச்சலும் வந்தால் நுரையீரல் அழற்சி, அதற்கு வைத்தியரின் ஊசி தேவை.

ஒவ்வொரு மாரியிலும் எங்கள் பட்டியில் மட்டும் விழுகிறது

அப்படியானால் பழுது பட்டி அமைந்த விதத்தில் இருக்கிறது. 2022இல் எங்கள் பட்டியில் எவை பிழைத்தன என்று பிறகு நடந்து பார்த்தேன். வாடியின் காற்றுப்படாத தென்மேற்குப் பக்கம் கட்டியிருந்த பல் தேய்ந்த கிழட்டுப் பசு பிழைத்தது. வெட்டவெளித் திட்டியில் நின்ற கொழுத்த நாகுகள் இரண்டு இறந்தன. இறந்த பசு ஒன்றின் முதுகுக்குப் பின்னால் அதன் கன்று உயிரோடு படுத்திருந்தது, காற்று தாயின் உடம்பில் தடைப்பட்டதால்.

அதன்பின் ஐப்பசியிலேயே வடக்கும் கிழக்கும் வளைத்து ஆறடி உயரத்தில் மறைப்புக் கட்டுகிறோம். மறைப்பு தன் உயரத்தைப்போல் எட்டு முதல் பத்து மடங்கு தூரம்வரை காற்றைத் தணிக்கும், ஆகவே ஆறடி மறைப்பின் பின்னால் ஏறத்தாழ ஐம்பதடிக்கு மாடு நிற்கலாம். கிடுகு சிறந்தது. முழுதும் அடைத்த தகரத்தின் மேலால் காற்று சுழன்று உள்ளே விழும், கிடுகின் இடுக்குகளால் சிறிது புகும் காற்று அந்தச் சுழலைத் தடுக்கும். உரப்பைகளைத் தைத்துக் கட்டுவதானால் மூன்று தண்ணீரில் கழுவுங்கள். பசித்த மாடு பையை நக்கும், ஒட்டியிருக்கும் யூரியா அதற்கு நஞ்சு.

வைக்கோலைச் சிறுபோக அறுவடையோடு சேமிக்க வேண்டும். இயந்திரம் வெட்டிப் பரப்பிய வைக்கோலை வயலிலேயே எரிப்பதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு வேகிறது. 200 கிலோ மாட்டுக்கு நாளொன்றுக்கு 5 கிலோ என்று வைத்தால், ஐந்து நாள் மழைக்குத் தலைக்கு 25 கிலோ, நாற்பது மாட்டுக்கு ஒரு தொன். அதை உயரமான மரக்கால்களின்மேல் பரணாக அடுக்கிப் படங்கால் மூடுங்கள். ஐப்பசிக்கு முன் பூச்சிமருந்தும் தொண்டை அடைப்பான் தடுப்பூசியும் போட்டு, விலா எலும்பு எண்ணக்கூடிய மாடுகளைத் தனியாகப் பிரித்து வீட்டோரம் வையுங்கள்.

இறந்து கிடக்கிறது

காதடையாள எண் தெரியும்படி படம் எடுத்து, கால்நடை வைத்திய அலுவலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அறிவித்து, அவர்கள் பதிவுசெய்யும்வரை புதைக்காதீர்கள். எங்கள் மாடுகளில் நான்கை அவசரத்தில் பதிவின்றிப் புதைத்ததால் அவற்றுக்கு ஒரு சான்றும் இல்லாமற்போனது. எதனால் இறந்தது என்று வைத்தியர் சொல்லும்வரை உடலை அறுக்கவோ, தோலுரிக்கவோ, இறைச்சிக்குக் கொடுக்கவோ கூடாது. பிறகு கிணறும் குளமும் வாய்க்காலும் இல்லாத மேட்டுநிலத்தில், நாய் தோண்ட முடியாத ஆழத்தில், சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். மழை மறுபடி வந்தால் மண் தாழும், ஆதலால் குழியின்மேல் மண்ணைக் குவித்தே மூட வேண்டும்.